கொழுத்த கன்னமும் மிக்காயேலாவின் வாயும்

மிக்காயேலா காஸ்பருக்குக் கிளினிக்கில் கொடுத்த வெள்ளைக் கோட்டு, அவளைவிட ஒரு முழம் உயரமான யாருக்கோ தைத்தது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாலும் விரல் நுனி மட்டும்தான் வெளியே எட்டிப் பார்க்கும். சின்ன அளவு வாங்கித் தருகிறோம் என்று சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். துணி குறைந்தால் மரியாதையும் குறையும் என்பது அவள் எண்ணம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதையே மாட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்த கதையே ஒரு கூத்து. எங்கள் ஊரில் ஆரஞ்சுத் தோப்பிலும் மிளகாய் வயலிலும் குனிந்து நிமிர்கிறவர்களில் பாதிப் பேர், குவாத்தமாலா மலையிலிருந்து ராணுவத்துக்குப் பயந்து எல்லை தாண்டி வடக்கே ஓடி வந்த மாயா ஜனங்கள். வீட்டில் பேசுவது கன்ஹோபால் மொழி. கிளினிக்காரர்களோ, குவாத்தமாலா என்றால் ஸ்பானிஷ்தானே என்று தாங்களே முடிவு கட்டி, ஸ்பானிஷ் தெரிந்த கியூபாக்காரி ஒருத்தியை மேஜை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவள் எதைக் கேட்டாலும் எங்கள் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு "சீ" என்பார்கள். ஆமாம் என்று அர்த்தம். வலிக்கிறதா என்றால் சீ. வலிக்கவில்லையா என்றால் அதற்கும் சீ. பல்வலி என்று வந்த ஓர் ஆள் எல்லாவற்றுக்கும் சீ சொல்லி, கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். அதன்பிறகுதான் கிளினிக்குக்குப் புத்தி வந்தது.

மிக்காயேலாவுக்குக் கன்ஹோபால் தாய்மொழி. ஸ்பானிஷ், சின்ன வயதில் கடலோரப் பருத்தித் தோட்டத்தில் திட்டு வாங்கியே கற்றது. இங்கிலீஷ், விடுதி அறைகளைப் பெருக்கித் துடைத்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியிலிருந்து பொறுக்கியது. மூன்று மொழியையும் ஒரே வாயில் வைத்திருந்தவள் ஊர்ப் பெரியவர்களில் அவள் ஒருத்திதான். அதனால் அந்த வாயை யாரும் சோதித்துப் பார்க்கவும் முடியாது. இப்படிப்பட்ட பதவி ராஜாவுக்கும் கிடைக்காது.

அவள் மொழிபெயர்ப்பதைப் பார்க்க வேண்டும். நர்ஸ் மிஸ் டன்லப் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசுவாள். மிக்காயேலா ஒரே வரியில் முடிப்பாள். சில நாள் நர்ஸ் ஒரு வார்த்தை சொல்வாள். மிக்காயேலா அதற்குக் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, செத்துப்போன மாமியார் கதை வரைக்கும் இழுத்து, கேட்கிற பெண்ணைச் சிரிக்க வைத்து அனுப்புவாள். மிஸ் டன்லப்புக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பண்பாட்டுக்கு ஏற்றபடி எடுத்துச் சொல்கிறாள் என்று மேலிடத்துக்குப் புகழ்ந்து எழுதினாள். நல்ல மனசுக்காரிதான் மிஸ் டன்லப். எங்கள் பெண்களிடம் பேசும்போது மட்டும், காது கேளாதவர்களிடம் பேசுவது மாதிரி சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பேசுவாள்.

ஆனால் நர்ஸ் சொல்கிற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மிக்காயேலா ஒருபோதும் தாய்மார்களிடம் சொன்னதில்லை. பிள்ளை குண்டாக இருக்கிறான், தீனியைக் குறை என்பதுதான் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவள் மறைத்தது பூசணிக்காயைவிடப் பெரிய பெரிய பிள்ளைகளை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஜனங்களுக்குப் பிள்ளையின் கன்னம்தான் குடும்ப கௌரவம். ஆரஞ்சு பறித்துத் தோள்பட்டை இறங்கிப் போனாலும் போகட்டும், பிள்ளையின் கன்னம் இறங்கக் கூடாது. மலையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு வருஷா வருஷம் போட்டோ அனுப்ப வேண்டும். அந்தப் போட்டோவுக்கு ஒரு முறை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனின் புது லாரியை முன்னால் நிறுத்தி, பிள்ளையை அதன்மேல் சாய்த்து, கையில் பெரிய கலர் சோடா பாட்டிலைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கன்னம் உப்பும். மோவாயைக் கொஞ்சம் கீழே அமுக்கினால் இரண்டு மோவாய் தெரியும். இரண்டு தெரிந்தால் போட்டோ அங்கே புனிதர் படத்துக்குப் பக்கத்தில் ஏறும். ஒன்றே தெரிந்தால், "பாவம், அங்கேயும் கஷ்டம்தான் போலிருக்கு" என்று சித்திக்காரிகள் சந்தையில் பேசுவார்கள்.

உயரத்திலும் அப்படித்தான். பிள்ளைகள் இங்கே வேலிக்கால் மாதிரி கிளம்பினார்கள். பத்து வயதில் அம்மாவுக்குச் சமம், பன்னிரண்டில் அப்பாவுக்கு மேல். மகனைத் தோளில் தட்டிக் கொடுக்க ஆசைப்பட்ட அப்பன்மார்கள் அதற்காக வாசற்படியில் ஏறி நின்றார்கள். மிக்காயேலாவின் மகள் யெசெனியாவுக்கு வயது பதினாலு. அம்மாவின் உச்சந்தலைக்கு மேலாகவே டிவி பார்ப்பாள். உடம்பு உயர்ந்த அளவுக்கு நாக்கும் நீண்டிருந்தது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதால் மிக்காயேலா பொறுத்துக்கொண்டாள்.

கோடைக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து அளக்கிறவர்கள் வருவார்கள். உயரமான பேராசிரியை ஒருத்தி, கூட இரண்டு மாணவர்கள். டேப்பு, தராசு, தலையில் அழுத்துகிற பலகை, கையின் சதையைக் கிள்ளிப் பார்க்கிற இடுக்கி எல்லாம் கொண்டு வருவார்கள். தையல்காரர்கள் மாதிரி ஊரையே அளந்துவிட்டுப் போவார்கள். ஒருவருக்கும் ஒரு சட்டை வந்ததில்லை. பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்தால் அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்காது. மாயாக்கள் பிறவியிலேயே குள்ளம் என்று சொன்னவர்கள் வந்து பார்க்கட்டும், வயிறாரச் சாப்பிட்டால் ஒரே தலைமுறையில் எவ்வளவு வளர்கிறார்கள் என்பாள். அடுத்து இடுப்பை அளப்பாள், முகம் வாடிவிடும். அடுத்த பிள்ளையின் உயரத்தில் மறுபடி மலரும். பகல் முழுக்க இப்படி மலர்ந்தும் வாடியும் சாயங்காலம் களைத்துப் போவாள்.

எங்கள் பெண்களுக்கோ அது போட்டி. மலையில் சுகாதார நிலையத்து நர்ஸ் எடை பார்த்துவிட்டு, "எலும்பும் தோலுமா வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா" என்று வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வி இவர்களுக்கு மறக்கவில்லை. அதனால் அளக்கிற நாளன்று விடியும்போதே சோளமாவை இலையில் சுற்றித் தமாலே அவித்து, மக்காச்சோளக் கஞ்சி காய்ச்சி, கலரும் ஊற்றி, பிள்ளையைக் கழுத்துவரை நிரப்பித்தான் கூட்டி வருவார்கள். தராசில் ஏறப்போகிற பிள்ளையைச் சிறுநீர் கழிக்கக்கூட விடமாட்டார்கள். செருப்பைக் கழற்று என்று மாணவன் சொன்னால், புதுச் செருப்பு, கழற்ற மாட்டோம் என்பார்கள்.

அந்த வருஷம் தராசில் முள்ளைத் தூக்கி அடித்தவன் மத்தாலின் மகன் எட்வின். பதினோரு வயசு. மத்தால் மிக்காயேலாவின் மலைக் கிராமத்துக்காரி, அவளைவிடச் சின்னவள், மிளகாய்ப் பொட்டலம் கட்டுகிற கொட்டகையில் வேலை. எட்வினுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளை மலையில் புதைத்துவிட்டு வந்தவள். இவனை மண்ணில் நடக்கவிடாமல் வளர்த்தாள் என்று சொன்னால் மிகையில்லை. அவன் தராசில் ஏறினான். எண்ணைப் பார்த்த மாணவன் இறங்கி மறுபடி ஏறச் சொன்னான். கழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஒரு கறுப்பு வளையம் இருந்ததைப் பேராசிரியை விரலால் தடவிப் பார்த்தாள். மத்தால் வெட்கப்பட்டு, காலையில்தான் தேய்த்துக் குளிப்பாட்டினேன் என்றாள். பேராசிரியை மிஸ் டன்லப்பைக் கூப்பிட்டாள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு மிஸ் டன்லப் மிக்காயேலாவிடம் நீளமாகச் சொன்னாள். இந்தப் பையனுக்குச் சர்க்கரை நோய் வருகிற அடையாளம் தெரிகிறது, கலரை இன்றைக்கே நிறுத்த வேண்டும், வியாழக்கிழமை கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள்.

சுற்றிலும் ஊர்ப் பெண்கள் நின்றார்கள். மத்தால் மிக்காயேலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மவன்தான் மத்தால் முதலாவது," என்றாள் மிக்காயேலா. "இவ்வளவு பெரிய பிள்ளையை அவங்க பார்த்ததே இல்லையாம். டாக்டரே நேர்ல பார்க்கணும்கிறாரு. வியாழக்கிழமை கூட்டிட்டு வா."

பெண்கள் கை தட்டினார்கள். பேராசிரியையும், கெட்ட செய்தியை இவ்வளவு தைரியமாக எடுத்துக்கொள்கிற ஜனங்களைக் கண்டதில்லை என்று மெய்சிலிர்த்துத் தானும் தட்டினாள்.

யெசெனியா அங்கேதான் தன் முறைக்காகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். இங்கிலீஷும் கன்ஹோபாலும் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். நர்ஸ் அப்படிச் சொல்லவே இல்லையே என்றாள். பெரியவர்கள் பேச்சு உனக்கு எதற்கு என்று மிக்காயேலா அடுப்படியிலிருந்தே அடக்கினாள்.

"பெரியவங்க பேச்சா? நீ பேசினது யாரு பேச்சும் இல்லைம்மா. நீயா உண்டாக்கினது," என்றாள் மகள்.

மிக்காயேலா சோள ரொட்டியை வழக்கத்தைவிட ஓங்கித் தட்டினாள்.

வியாழக்கிழமை மத்தால் வந்த கோலத்தை ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. பூ வேலை செய்த மலைநாட்டு மேலங்கி, தலையில் ரிப்பன், புருஷன் பெர்னபே இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு, எட்வினுக்கு முதல் நற்கருணைக்குத் தைத்த சட்டை பொத்தான் மாட்டாததால் புதுச் சட்டை. டாக்டருக்கென்று ஒரு கூடை நிறைய தமாலே, ஆளுயரத்தில் பாதி இருந்த ஓர் ஆரஞ்சுக் கலர் பாட்டில். டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்துவிட்டுப் பையனை வெளியே உட்கார அனுப்பினார். எண் வந்தது. சர்க்கரை வாசற்படியில் வந்து நிற்கிறது, இன்னும் உள்ளே நுழையவில்லை, இப்போது பிடித்தால் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். கலர் கூடாது, ரொட்டி பாதியாகக் குறைய வேண்டும், ஓடி விளையாட வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். இதை இவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள் மிக்காயேலா என்று கேட்டுக்கொண்டார்.

மிக்காயேலா வாயைத் திறந்தாள். சொல்லத்தான் நினைத்தாள், அதில் பொய்யில்லை. பிள்ளைக்குக் கொடுக்காதே. கன்ஹோபாலில் அதைச் சொல்ல இருப்பது அந்த வார்த்தைகள்தான். அந்த வார்த்தைகளை அவள் கேட்டிருக்கிறாள்.

பருத்தித் தோட்டத்தில் மத்தியானம் ஆள் ஒன்றுக்கு ஒரு கை ரொட்டி, ஓர் அகப்பை அவரைக்கொட்டை. பருத்தி எடுக்கிற கைக்குத்தான் அளப்பார்கள். எடுக்கத் தெரியாத பிள்ளைக்கு எதுவும் கிடையாது. தாய்மார்கள் தங்கள் பங்கிலிருந்து பிட்டுப் பிள்ளையின் வாயில் திணிப்பார்கள். அதைத் தடுக்கவென்று ஒரு கங்காணி நிற்பான். தாய்க்காரி தின்றால்தானே சாயங்காலம் வரை பருத்தி எடுப்பாள் என்பது முதலாளியின் கணக்கு. கங்காணி வெளியாள் இல்லை, நம் மலைக்காரன்தான், நம் மொழியிலேயே சொல்வான்: பிள்ளைக்குக் கொடுக்காதே, உனக்குத்தான் அளந்தது. மிக்காயேலாவின் தம்பி மத்தேயோ அந்தத் தோட்டத்தில்தான் செத்துப்போனான். நிற்கப் பழகுகிற வயசில், நிற்காமலே போனான். கங்காணியின் குரல் ஒன்றும் முரட்டுக் குரல் இல்லை. சாதாரணமாகத்தான் சொல்வான்.

ஆகவே கிளினிக்கில், வெள்ளைக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, மிக்காயேலா சொன்னது இதுதான்: "பையனுக்கு ஒரு குறையும் இல்லையாம் மத்தால். தண்ணி மட்டும் நிறையக் குடிக்கணுமாம். ஓடி விளையாடட்டும்னாரு. எப்ப தோணுதோ அப்ப வந்து காட்டு."

தண்ணீர் என்று ஒன்று சேர்த்துவிட்டோம், விளையாட்டையும் சொல்லிவிட்டோம், டாக்டர் பேச்சில் பாதியாவது போய்ச் சேர்ந்தது என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். மத்தால் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் தொடக்கூட இல்லாத தமாலே கூடை அப்படியே மிக்காயேலாவின் வீட்டுக்கு வந்தது. அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தது. மிக்காயேலாக்கா வாய் பட்டால் நல்லது நடக்கும் என்று பேர் பரவி, மற்ற வீட்டுக் கூடைகளும் சேர்ந்துகொண்டன. அவள் வேண்டாம் என்று சொல்வாள், கூடையை வாங்கிக்கொண்டே.

கோடையில் எட்வினுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தான். டாக்டர் சொன்னபடி பையன் தண்ணீர் குடிக்கிறான் என்று மத்தாலுக்குச் சந்தோஷம். இரவெல்லாம் எழுந்து எழுந்து போனான். குடித்தால் போகத்தானே செய்யும் என்றாள். பிறகு இளைக்கத் தொடங்கினான். அதுதான் மத்தாலைக் கலங்க வைத்தது. கன்னம் இறங்குகிறது, கண் பட்டுவிட்டது என்று சிவப்புக் கயிறு கட்டினாள். முட்டையால் உடம்பெல்லாம் வழித்தாள். எதற்கும் சரியாகாமல் போகவே மிக்காயேலாவின் தகர ட்ரெய்லர் வீட்டுக்கு வந்தாள். வயசுப் பையன் உயரம் போடும்போது சதை இறங்கும், யெசெனியாவுக்கும் அப்படித்தான், கஞ்சியில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடு என்று அக்கா ஆலோசனை சொன்னாள். மனசுக்குள் எங்கோ டாக்டர் விரல் மடக்கியது ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்ததை மறுபடி படுக்கப் போட்டாள். கிளினிக்குக் கூட்டி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் ஒரு மாதத்தில் வரவில்லை என்று டாக்டர் கேட்பார். கேட்டால் அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் எங்கள் காவல் புனிதர் சான் மிகேலின் திருவிழா. பூங்காவில், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற மரிம்பாவுக்கு ஆறு பேர் நின்றார்கள். முகமூடி போட்ட ஆட்டக்காரர்கள் வேர்த்து வழிந்தார்கள். அப்பன்மார்கள் மரத்தடியில் பீர் டின்னை ஒளித்து வைத்துக் குடித்தார்கள். மிக்காயேலா அன்றைக்கும் கோட்டோடுதான் வந்திருந்தாள். மத்தால் எட்வினை நிழலில் உட்கார வைத்து, தெம்பு வரட்டும் என்று கலரை வாயில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பையன் இரண்டு வாய் குடித்தான். மூன்றாவது வாய் உதட்டோரம் வழிந்தது. பேச்சு குழறிச் சாய்ந்தான். குடித்துவிட்டான் என்று யாரோ சிரித்தார்கள். அப்புறம் மரிம்பா ஒவ்வொரு கட்டையாக நின்றது.

கடற்கரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் போட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை அளவு மீறி, உடம்பிலிருந்த நீரெல்லாம் வற்றியிருந்தது. மூன்று நாள் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மிக்காயேலா அந்த மூன்று நாளும் சாப்பிடவில்லை. சான் மிகேலிடம், மத்தேயோவிடம், யாரிடம் வேண்டுகிறோம் என்று தெரியாமலே வேண்டினாள். யெசெனியா அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மிக்காயேலாவுக்கு. நான்காம் நாள் எட்வின் கண் திறந்து, பசிக்கிறது என்றான்.

அன்று சாயங்காலம் அங்கிருந்த டாக்டரம்மா மிக்காயேலாவை வரவழைத்தாள். பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இனி தினமும் ஊசி, இனி சாப்பாடு அளந்துதான், அதைத் தாய்க்கு விளக்க வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று பேரும் நின்றார்கள். டாக்டரம்மா பேச ஆரம்பிக்கும் முன் மத்தால் கையை உயர்த்தினாள். அழுது வீங்கிய முகம், குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அக்கா, அன்னிக்கு வியாழக்கிழமை அந்த டாக்டரு என்ன சொன்னாரு?"

மிக்காயேலாவின் நாக்கில் நாலைந்து பதில் வந்து நின்றன. எல்லாம் அழகான பதில்கள். ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை.

"கலர் கொடுக்கக் கூடாதுன்னாரு. ரொட்டியைப் பாதியாக் குறைன்னாரு. சக்கரை வாசல்ல நிக்குது, இப்பவே திருப்பி அனுப்பிடலாம்னாரு. ஒரு மாசத்துல திரும்பக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு குறையும் இல்லேன்னேன்."

பக்கத்தில் டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மிக்காயேலா தானாகவே சொல்லத் தொடங்கினாள், பருத்தித் தோட்டத்தை, அகப்பையை, கங்காணியை, மத்தேயோவை. அந்த வார்த்தை தன் வாயில் வரவே மாட்டேன் என்றது என்றாள். சொல்லும்போது அழுதாள். அது நிஜமான அழுகைதான்.

"எங்கம்மாவுக்கும் அதே கங்காணிதான்," என்றாள் மத்தால். "எனக்கும் தெரியும் அந்தப் பேச்சு. நீ அன்னிக்குச் சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன். கங்காணிக்குப் பொறந்தவளேன்னு ஊரெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன். கூடையும் வந்திருக்காது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவுதானேக்கா."

மிக்காயேலாவின் அழுகை சட்டென்று நின்றது. செத்துப்போன தம்பிதான் தன் வாயைக் கட்டினான் என்று இத்தனை மாதம் நம்பியிருந்தாள். அது பாதிதான். மீதிப் பாதி, சனிக்கிழமைத் தமாலேயும் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையும். தம்பியை முன்னால் நிறுத்திவிட்டு அவன் பின்னால் அவள்தான் ஒளிந்திருந்தாள். நிற்கக்கூடத் தெரியாமல் போன பிள்ளையின் பின்னால்.

டாக்டரம்மா பேசினாள். மிக்காயேலா மொழிபெயர்த்தாள். அவள் ஒரு வரி சொன்னால் இவளும் ஒரு வரி. கையை ஆட்டவில்லை, கதை சேர்க்கவில்லை. பிள்ளைக்குக் கொடுக்காதே என்ற இடம் வந்தபோது அந்த வார்த்தைகளையே சொன்னாள். கங்காணி சொன்ன மாதிரியே சாதாரணக் குரலில்தான் வந்தது. மத்தால் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு, எவ்வளவு கொடுக்கலாம் என்று கேள் என்றாள்.

திங்கட்கிழமை மிக்காயேலா மிஸ் டன்லப்பிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மிஸ் டன்லப் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் இந்த அறையில் நான் என்னதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று கேட்டாள். மிக்காயேலா உண்மையைச் சொன்னாள்: பெரும்பாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வேலையை விட்டு எடுக்கலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தது. எடுத்தால் மறுபடி சீ, சீ என்று ஆகிவிடுமே என்று பயந்து, அவளைச் சரியாக மொழிபெயர்க்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியை ஸ்பானிஷில் நடத்தினார்கள்.

அதன்பிறகு அவள் உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தாள். ஊர் அதிர்ந்து போனது. பிள்ளை குண்டு என்று கேட்ட முதல் பெண் நாற்காலியை உதைத்துவிட்டுப் போனாள். இரண்டாவது பெண், உன் மகளை ஒட்டகம் மாதிரி வளர்த்து வைத்துக்கொண்டு என் பிள்ளையைச் சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சனிக்கிழமைக் கூடைகள் ஒவ்வொன்றாக நின்றன. மத்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன அந்தப் பேரை வேறு யாரோ தாங்களாகவே கண்டுபிடித்து, அவளுக்குக் கங்காணி என்று வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு காது கேட்க, பிறகு பிள்ளைகள்கூட. பாதிரியார் ஒரு முறை தவறி மேடையிலிருந்தே அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

மத்தால் அவளோடு பழையபடி பேசுவதில்லை. எட்வினை மாதா மாதம் கூட்டி வருவாள், கேட்க வேண்டியதைக் கேட்பாள், போவாள். பையன் இன்னும் உயர்ந்துவிட்டான். சட்டைப் பையில் ஊசி வைத்திருக்கிறான். மலைக்கு அனுப்பிய புதுப் போட்டோவில் அவனுக்கு ஒரு மோவாய்தான். சித்திக்காரிகள் சந்தையில் பாவம் என்று பேசுகிறார்களாம்.

போன வாரம் கிளினிக் வரிசையில் லூசியா என்று ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தி மடியில் மகனை வைத்துக்கொண்டு, பால் புட்டியில் ஆரஞ்சுக் கலரை ஊற்றிப் புகட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் பார்க்கக் கொள்ளை அழகு. கதவு திறந்து வெள்ளைக் கோட்டு வெளியே வந்ததும் லூசியா பக்கத்திலிருந்தவளிடம், "வந்துட்டா பாரு கங்காணி, புள்ளை வாயில இருக்கறதைப் புடுங்க" என்றாள், கேட்கும்படியாகவே. எதிர் பெஞ்சில் மத்தால் எட்வினோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தலை நிமிர்ந்து மிக்காயேலாவின் வாயைப் பார்த்தாள், அன்று தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த அதே பார்வை.

"கங்காணிதான்," என்றாள் மிக்காயேலா. "புட்டியைக் கீழ வை."